எங்கள் தூள் அந்நியமல்ல

தென்கடல் பல் மருத்துவமனையில் ஈறு நல மையம் திறந்த வருஷம், தென்கொரியாவின் ஹேனாம் வட்டாரத்தில் இனிச் சிவந்த ஈறு ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று அதன் இயக்குநர் டாக்டர் நாம்குங் முடிவு செய்தார். மையத்துக்கு நான்கு மாடி, கண்ணாடி முகப்பு, வாசலில் ஆள் உயரத்துக்கு வெள்ளைப் பளிங்கில் ஒரு கடைவாய்ப் பல். இவ்வளவையும் கட்டிவிட்டு நோயாளி வரட்டும் என்று காத்திருப்பது அவர் சுபாவம் இல்லை. ஆகவே மையமே நோயாளிகளைத் தேடிக்கொண்டு வேனில் புறப்பட்டது.

முதல் முகாம் கூட்டுறவுச் சங்கத்தின் கிம்ச்சிக் கூடத்தில், அதாவது கோஸை மிளகாய் மசாலாவில் ஊறப்போடும் கூடத்தில், நடந்தது. கோஸ் கழுவிக்கொண்டிருந்த பெண்களையெல்லாம் கையுறையோடு வரிசையில் நிறுத்தினார்கள். அந்த வரிசையில் மேங் இன்சூனும் நின்றாள்.

இன்சூனுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. கூடத்தில் அவள் வேலை ருசி பார்ப்பது. மிளகாய்த்தூளும் பூண்டும் இஞ்சியும் புளித்த நெத்திலிச் சாறும் பெரிய தொட்டியில் சிவப்பாகக் குழைந்து நிற்கும். இன்சூன் சுண்டுவிரலால் தொட்டு நாக்கில் வைத்துக் கண்ணை மூடுவாள். "உப்பு பத்தல" என்பாள், அல்லது "போதும்" என்பாள். அவள் போதும் என்ற பிறகுதான் மற்றவர்கள் கோஸ் இலைகளை விரித்து மசாலாவைத் தடவத் தொடங்குவார்கள். அவள் பற்களில் ஒரு குறையும் கிடையாது. காய்ந்த கணவாயை நெருப்பில் வாட்டாமலேயே கடித்துக் கிழிப்பவள்.

"எனக்கு எதுக்கும்மா இதெல்லாம்? பல்லு நல்லாத்தானே இருக்கு" என்றாள், பல் சுத்தம் செய்யும் பெண் யூஜினிடம்.

"நல்லா இருக்குன்னு நீங்க நெனைக்கறீங்கம்மா. அத நாங்கதானே சொல்லணும்? ஆ காட்டுங்க. இன்னும் பெருசா. இப்ப முத்தொளி போடறோம். டாக்டரே வெளிநாடு போய்த் தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்த பசை. கண்ணாடி மாதிரி ஆயிரும்."

ரப்பர்க் கிண்ணி ஒன்று கிர்ரென்று சுழன்றபடி பல்லின் மேல் ஏறியது. பல் தீர்ந்த இடத்திலும் நிற்காமல் ஈறின் விளிம்புக்குள் புகுந்தது. இன்சூன் துப்பியபோது எச்சிலில் ரத்தமும் சாம்பல் நிறத்தில் ஏதோ நறநறப்பும் இருந்தன.

"மணலக் கடிச்ச மாதிரி இருக்குதே கண்ணு."

"மணல் இல்லம்மா, சுத்தம். பழக்கமில்லாதவங்களுக்கு அப்படித்தான் இருக்கும்" என்றாள் யூஜின், அடுத்தவளைக் கூப்பிட்டுக்கொண்டே.

சில வாரங்களில் இன்சூனின் மேல் ஈறில், முன்பற்களுக்கு மேலே, ஒரு திட்டு சிவந்தது. தக்காளித் தோலை ஒட்டிவைத்ததுபோல் பளபளவென்று இருந்தது. காற்றுப் பட்டால் கூசியது. மிளகாய் பட்டாலோ தீக்குச்சியைக் கிழித்து அங்கேயே வைத்ததுபோல் எரிந்தது. அவள் கணவன் குவாங்பே, கோஸ் லாரி ஓட்டுகிறவன், டார்ச் அடித்துப் பார்த்தான்.

"என்ன இன்சூனு, உதட்டுச் சாயத்த உள்பக்கமாப் பூசியிருக்க?"

"எரியுதுங்க. வெளயாடாதீங்க."

"அப்ப அந்தக் கண்ணாடி மாளிகைக்குப் போ. அவங்கதானே இனிமே யார் ஈறும் செவக்காதுன்னாங்க. செவந்திருச்சுன்னு போய்ச் சொல்லு."

சொன்னாள். யூஜின் அவள் வாயைத் திறந்து பார்த்துவிட்டு வருத்தத்தோடு தலையை ஆட்டினாள்.

"நீங்க சரியா விளக்கறதில்லம்மா."

"மூணு வேளையும் விளக்கறேனே."

"மூணு வேளையும் தப்பா விளக்கறீங்க."

அழுக்கு சேர்ந்ததால்தான் ஈறு சிவந்தது என்று சொல்லி மறுபடி முத்தொளி போட்டார்கள். சிவப்பு பக்கத்துப் பல்லுக்கும் பரவியது. மறுபடி போனாள், அழுக்கு கூடிவிட்டது என்று இன்னும் அழுத்தித் தேய்த்தார்கள். சிவந்ததால் தேய்த்தார்கள், தேய்த்ததால் சிவந்தது. மையத்தின் பார்வையில் இவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு செய்திகள்.

அதன் பிறகு அவளை மறுபயிற்சி வகுப்பில் சேர்த்தார்கள். வகுப்புக்கு வருகிறவர்கள் கழுத்தில் துணி கட்டிக்கொள்ள வேண்டும்: தேறியவர்களுக்கு வெள்ளை, தேறக்கூடியவர்களுக்கு ரோஜா நிறம், மற்றவர்களுக்குச் சிவப்பு. இன்சூனுக்குச் சிவப்பு கிடைத்தது. மேடையில் கட்டில் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் தாடை. அதைத் தென்னந்துடைப்பம் போன்ற பிரஷ்ஷால் ஒவ்வொருவராகப் போய் விளக்கிக் காட்ட வேண்டும். பிறகு எல்லாரும் எழுந்து நின்று, வலது கையை மேல் உதட்டில் வைத்து, "என் ஈறு என் பொறுப்பு, சிவந்தால் என் தவறு" என்று சேர்ந்து சொல்ல வேண்டும்.

வகுப்பில் பல்லே இல்லாத பெரியவர் ஒருவர் இருந்தார். மகளுக்குத் துணையாக வந்தவரை வாசலிலேயே பிடித்துத் துணி கட்டி உட்காரவைத்துவிட்டார்கள். முதல் பரிசோதனையிலேயே அவருக்கு வெள்ளைத் துணியும் பதக்கமும் கிடைத்தன. அவர் பற்களின் இடுக்கில் அழுக்கே இல்லை என்பது மையத்தின் கணிப்பு.

பதக்கம் கொடுக்க டாக்டர் நாம்குங் நேரில் வந்தார். உயரமானவர், சிரித்தால் முழுப் பல் வரிசையும் தெரியும்படி சிரிப்பார்.

"அன்பானவர்களே, நோய் எங்கேருந்து வருது? எல்லாரும் கிருமி, கிருமிங்கறாங்க. நான் முப்பது வருஷ அனுபவத்துல சொல்றேன், நோய் நோயாளிகிட்டேருந்துதான் வருது! நோயாளிகள் உள்ள வர்றதுக்கு முன்னால இந்த மையம் எவ்வளவு சுத்தமா இருந்துச்சு தெரியுமா? ஒரு சொட்டு ரத்தம் கெடையாது. கொரிய ஈறு உலகத்துலயே உயர்ந்த ஈறு. அத வச்சுக்கிட்டிருக்கறவங்கதான் அதுக்கு லாயக்கில்லாம இருக்காங்க."

எல்லாரும் கைதட்டினார்கள். இன்சூனும் தட்டினாள். பிறகு டாக்டர் அவள் முன்னால் வந்து நின்று, உதட்டை விரலால் தூக்கிப் பார்த்தார்.

"மிளகாய் சாப்பிடறீங்களாம்மா?"

"சாப்பிடறது மட்டுமில்லங்க டாக்டர். வேலையே அதுதான். கிம்ச்சிக்கு ருசி பாக்கறேன்."

"விட்ருங்க."

"எதங்க?"

"ருசிய" என்றார் டாக்டர். அடுத்த உதட்டைத் தூக்கப் போய்விட்டார்.

அவர் சொல்லியிருக்கவே வேண்டியதில்லை. ருசி ஏற்கெனவே அவளை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. சுண்டுவிரலை வாயில் வைத்ததும் ஈறு பற்றிக்கொள்ளும். கண்ணில் தண்ணீர் முட்டும். நாக்கில் உப்பு எங்கே, நெத்திலிச் சாறு எங்கே என்று தேடுவதற்குள் எரிச்சல் எல்லாவற்றையும் மூடிவிடும். அப்படி ஒருநாள் "போதும்" என்று அவள் சொன்ன தொட்டி கடல்தண்ணீராகக் கரித்தது. சியோலில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போன கிம்ச்சி அப்படியே திரும்பி வந்தது. சங்கத் தலைவர் மா, நல்ல மனிதர், அவளைத் திட்டவில்லை. கொஞ்ச நாள் மூடி போடும் பகுதியில் இருக்கட்டும் என்றார்.

"அக்கா, அங்க உக்காந்துக்கிட்டே செய்யலாம், சுகம்" என்று உடன் வேலை செய்கிறவர்கள் தேற்றினார்கள். யாரும் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. டப்பா வரும், மூடியை வைத்து அழுத்துவாள், டப்பா போகும். உள்ளே இருப்பது எப்படி இருக்கும் என்று தெரியாமல் அவள் கிம்ச்சி மூடியது அதுதான் முதல் தடவை.

அடுத்த முறை மையத்துக்குப் போனபோது யூஜின் விடுப்பில் இருந்தாள். அன்றைக்குப் பார்த்தவர் டாக்டர் பியோ, இளைஞர், மேல்மாடியில் சதைத்துணுக்குகளை நுண்ணோக்கியில் ஆராய்கிறவர். ஆள் இல்லாததால் கீழே அனுப்பியிருந்தார்கள். அவருக்கு முத்தொளி போடத் தெரியாது. அதனால் ஈறை உற்றுப் பார்த்தார்.

"அம்மா, இது அழுக்கு மாதிரி இல்லியே. ஒரு துளி சதை எடுத்துப் பாக்கட்டுமா?"

ஒரு வாரம் கழித்து அவரே போன் செய்து அவளை வரச் சொன்னார். நுண்ணோக்கியில் பார்க்கவிட்டார். ஊதாநிறச் சதைக்குள் அங்கங்கே பொடிப்பொடியாக ஏதோ மின்னியது.

"பாத்தீங்களா? சதைக்குள்ள தூள் பதிஞ்சிருக்கு. கண்ணுக்குள்ள மண்ணு விழுந்தா கண்ணு செவக்குதில்ல, அந்த மாதிரி. ஒடம்பு அத வெளிய தள்ளப் பாக்குது, முடியல. அதான் வீக்கம். நீங்க எவ்வளவு விளக்கினாலும் போகாது. தேய்க்கத் தேய்க்க இன்னும் உள்ளதான் போகும்."

"அப்ப... நான் நல்லாத்தான் விளக்கினேனா டாக்டர்?"

"ரொம்ப நல்லா விளக்கியிருக்கீங்கம்மா."

அவள் அழுதுவிட்டாள். டாக்டர் பியோ பஞ்சை நீட்டினார். "அந்த எடத்த மட்டும் வெட்டி எடுத்தாச் சரியாயிரும். சின்ன வேலைதான். தூள் என்னன்னு மட்டும் பாத்துட்டு, இயக்குநர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு, செஞ்சிரலாம்."

அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் கெட்டது. அவர் இயக்குநரிடம் சொன்ன வார்த்தை, 'அந்நியப் பொருள்.' பல் மருத்துவமனையில் அது 'அந்நியப் பொருள் ஈறு வீக்கம்' என்ற நோயின் பெயரில் பாதி. கிம்ச்சிக் கூடத்திலோ அதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது. டப்பாவில் ஒரு தலைமுடி வந்தாலும் அதற்கு அதுதான் பெயர். மறுநாள் டாக்டர் நாம்குங் பத்திரிகைக்காரர்களை அழைத்து, கிம்ச்சி ருசி பார்க்கும் பெண்ணின் ஈறில் அந்நியப் பொருள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது, அது எங்கிருந்து போயிருக்கும் என்று ஊகிக்க மருத்துவப் படிப்பு தேவையில்லை என்றார்.

உணவுச் சோதனை அதிகாரிகள் இரண்டு வண்டிகளில் வந்து இறங்கினார்கள். மிளகாய்த்தூளைச் சலித்தார்கள். உப்பைக் கரைத்து வடிகட்டினார்கள். கோஸ்களை ஒவ்வொன்றாக எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. ஒன்றும் கிடைக்காததே சந்தேகத்துக்கு இடம் தருகிறது, இவ்வளவு சுத்தமாக ஒரு கிம்ச்சிக் கூடம் இயல்பாக இருக்க முடியாது என்று சொல்லிக் கூடத்தைப் பூட்டிக் கதவில் முத்திரை வைத்தார்கள். அப்போது நவம்பர். நாடு முழுக்கக் குளிர்காலக் கிம்ச்சி போடும் பருவம். வயல்களில் கோஸ் உறைபனி வாங்கிக்கொண்டு நின்றது.

"ஏம்மா, உன் வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்கக் கூடாதா?" என்று தலைவர் மா முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார்.

"நான் ஒண்ணும் பேசலங்களே. தெறந்துதான் காட்டினேன்."

மருத்துவமனை ஒரு குழு அமைத்தது. அந்நியப் பொருள் அறியும் குழு. நீள மேசைக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டுகள். நடுவில் டாக்டர் நாம்குங். இன்சூனை எதிரே சுழல்நாற்காலியில் உட்காரவைத்து, ஒவ்வொரு உறுப்பினரும் வந்து அவள் உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்கள். டாக்டர் பியோ எழுந்தார்.

"தூளப் பரிசோதனை பண்ணியாச்சு. மிளகாயும் இல்ல, உப்பும் இல்ல, மணலும் இல்ல. பல்லுக்கு மெருகு ஏத்தற பசையில இருக்கற பொடி. இந்தப் பக்கம் முத்தொளி டப்பாவுலேருந்து எடுத்தது, இந்தப் பக்கம் அம்மா ஈறுலேருந்து எடுத்தது. ரெண்டும் ஒண்ணு."

யாரோ ஒருவர் இருமினார். இன்சூன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இனி மன்னிப்புக் கேட்பார்கள், கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தாள். பரவாயில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

டாக்டர் நாம்குங்கின் முகம் மெல்ல மலர்ந்தது.

"அப்படின்னா அது நம்ம தூள்!"

"ஆமாங்க டாக்டர்."

"அப்புறம் எப்படி அத அந்நியப் பொருள்ங்கறீங்க?" அவர் மேசையைச் சுற்றிப் பார்த்தார். "நண்பர்களே, ஒரு பெரிய பழியிலேருந்து தப்பிச்சோம். இந்த அம்மா ஈறுல இருக்கறது அந்நியம் இல்ல. நாம வச்சது. நம்ம கையால, நம்ம தரக்கட்டுப்பாட்டோட, நல்ல எண்ணத்துல வச்சது. நம்ம வீட்டுப் பிள்ளை பக்கத்து வீட்டுல போய் உக்காந்தா அவன் அந்நியனா?"

"பசை வெளிநாட்டுச் சரக்குங்களே" என்றார் மூலையில் இருந்த ஒரு உறுப்பினர், உதவி செய்வதாக நினைத்து.

"வாங்கின அன்னிக்கே அது நம்மளது ஆயிருச்சு. அந்நியப் பொருள் இல்லாதப்ப அந்நியப் பொருளால வர்ற ஈறு வீக்கம் எப்படி வரும்? வராது. ஆகவே வரல. இந்த அம்மாவுக்கு ஒரு நோயும் இல்ல. சிகிச்சை இன்னும் உள்ள நடந்துக்கிட்டு இருக்கு, அவ்வளவுதான். மத்தவங்களுக்கெல்லாம் ஒரு மணி நேரத்துல முடிஞ்சுபோற சிகிச்சை, இவங்களுக்கு மாசக்கணக்கா நடக்குது. குடுத்து வச்சவங்க."

இன்சூன் கையை உயர்த்தினாள். "டாக்டர், உங்களதுன்னா நீங்களே எடுத்துக்கங்களேன். எரியுது."

டாக்டர் நாம்குங் அவளை உண்மையான பரிவோடு பார்த்தார். "நோயில்லாத ஈறை வெட்டறதாம்மா? எங்க தொழில் தர்மத்துக்கே விரோதம்."

டாக்டர் பியோ ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவருக்கு அந்த மாதமே பதவி உயர்வு கிடைத்தது. கப்பல் தினமும் போகாத ஒரு தீவில் புதிதாகத் திறந்த ஈறு ஆராய்ச்சி நிலையத்துக்குத் தலைவர். நிலையத்தில் நுண்ணோக்கி இன்னும் வந்து சேரவில்லை. படகுத்துறையிலிருந்து இன்சூனுக்கு போன் செய்தார்.

"மன்னிச்சிருங்கம்மா. வேற எங்கயாவது போய் வெட்டிக்கங்க. விட்டுராதீங்க."

குவாங்பே லாரியிலேயே அவளைப் பக்கத்து நகரமான மொக்போவுக்கு அழைத்துப் போனான். அங்கே ஒரு பல் மருத்துவர் ஈறைப் பார்த்ததும் வெட்டத் தயாராக மரப்பு ஊசியைக் கையில் எடுத்தார். பிறகு கணினியில் அவள் பெயரைத் தட்டினார். ஊசியைத் திரும்ப வைத்துவிட்டார்.

"உங்களுக்கு ஒண்ணும் இல்லேன்னு குழுவே சொல்லியிருக்கேம்மா."

"எரியுதுங்களே."

"எரியலாம். ஆனா ஒண்ணும் இல்ல. வேணும்னா ஒருதடவ சுத்தம் பண்ணி விடட்டுமா?"

குவாங்பே மேசையில் ஓங்கிக் குத்தினான். "ஏய்யா, கண்ணு இருக்கா உனக்கு? ரத்தக் கட்டியாட்டம் செவந்து கெடக்கு!"

"நாம்குங் ஐயா எங்க ஆசிரியர்ங்க" என்றார் மருத்துவர் தாழ்ந்த குரலில். "அவர் கண்ணுல படாதது என் கண்ணுலயும் படாது."

இன்னும் இரண்டு ஊர்களுக்குப் போனார்கள். எல்லா இடத்திலும் ஆசிரியர் அவரேதான். திரும்பி வரும்போது குவாங்பே, "நான் வேணா பிளேடால..." என்றான். "சும்மா ஓட்டுங்க" என்றாள் இன்சூன்.

வீட்டு வாசலில் தலைவர் மா காத்திருந்தார். கூடத்துப் பெண்கள் நாலைந்து பேர் பின்னால் நின்றார்கள்.

"இன்சூனு, முத்திரைய எடுக்கறேங்கறாங்க. உன் ஈறுல அந்நியப் பொருள் இல்லேன்னு டாக்டர் எல்லார் முன்னாடியும் அறிவிக்கணுமாம். அதுக்கு நம்ம கூடத்துலயே மறுபடி முகாம் வைக்கறார். மேடை போட்டு. மொதல்ல நீ உக்காரணுமாம்." அவர் தரையைப் பார்த்தார். "நான் எப்படிம்மா உன்கிட்டக் கேப்பேன். ஆனா கோஸெல்லாம் அழுகிருச்சுன்னா..."

பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி "அக்கா" என்றாள். அந்தப் பருவத்தின் வேலையில்தான் அவர்கள் வீடுகளில் வருஷம் முழுக்க அடுப்பு எரியும் என்பது இன்சூனுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"உக்கார்றேன்" என்றாள்.

மேடைக்குப் பின்னால் பெரிய திரை கட்டியிருந்தார்கள். இன்சூனை நாற்காலியில் சாய்த்து, வாய் மூடாதிருக்கப் பிளாஸ்டிக் வளையத்தை மாட்டினார்கள். திரையில் அவள் ஈறு வீட்டுக் கதவு அளவுக்குத் தெரிந்தது. கூட்டத்தில் யாரோ ஐயோ என்றார்கள். டாக்டர் நாம்குங் மைக்கைப் பிடித்தார்.

"இந்தச் சிவப்பப் பாருங்க! சிகிச்சை எவ்வளவு சுறுசுறுப்பா உள்ள வேலை செய்யுதுன்னு பாருங்க!"

யூஜின் கிண்ணியில் முத்தொளியை எடுத்தாள். அவள் விரல்கள் ஒரு கணம் தயங்கின. இன்சூன் அவள் கண்ணையே பார்த்தாள். யூஜின் பார்வையை விலக்கிக்கொண்டு மோட்டாரை மிதித்தாள். வேண்டாம் கண்ணு, என்றாள் இன்சூன். வளையம் மாட்டிய வாயிலிருந்து அது "ஆ" என்றுதான் வந்தது.

"அம்மா, தைரியமாச் சொல்லுங்க, எரிச்சல் ஏதாவது இருக்கா?" டாக்டர் மைக்கை அவள் வாயருகே கொண்டுவந்தார்.

"ஆ... ஆ..."

"ஆகா, ஆகாங்கறாங்க!" என்றார் டாக்டர். அதிகாரிகள் முதலில் கைதட்டினார்கள். குவாங்பே எழுந்து வெளியே போனான். அன்று மாலையே கதவின் முத்திரையைக் கிழித்தார்கள்.

மறுநாள் விடியற்காலையில் கூடத்தில் கோஸ் மலைபோல் குவிந்தது. தலைவர் மா, தாம் செய்யக்கூடிய ஒரே நன்றியாக, இன்சூனை மறுபடி ருசித்தொட்டிக்கே அனுப்பினார். பெண்கள் உப்பில் ஊறிய இலைகளை விரித்துப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் வரிசையாக நின்றார்கள். குளிரில் எல்லார் வாயிலிருந்தும் ஆவி வந்தது.

"அக்கா, உப்புப் பாருங்க."

இன்சூன் சுண்டுவிரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். ஈறு பற்றிக்கொண்டது. கண்ணை மூடினாள். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. உப்பைத் தேடினாள். நெத்திலியைத் தேடினாள். எரிச்சலுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ இருந்திருக்கும். பெண்கள் அப்படியே நின்றார்கள்.

"போதும்" என்றாள்.

எல்லாரும் குனிந்து தடவத் தொடங்கினார்கள்.